கழுத்திலே ஒரு கட்டி! கத்தி வைப்பதா? காத்திருப்பதா?

கழுத்தில் ஒரு சிறு கட்டி தெரிந்தால் போதும். வீடே கலங்கிப் போகிறது. "புற்று நோயோ?" என்ற பயம் ஒரு பக்கம். "உடனே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் நல்லது" என்ற அவசரம் மறு பக்கம். இரண்டுமே வேண்டாம். கத்தியைத் தொடுவதற்கு முன்னால் கட்டியை எடை போட்டுப் பார்க்க இன்று வழிகள் இருக்கின்றன. அவை என்ன?

11 வயதுச் சிறுமி

சுவிட்சர்லாந்து மலைகள் நிறைந்த நாடு. அதன் தலைநகர் பெர்ன். 1874-ம் ஆண்டில் அந்த நகரத்தில் ஒரு சிறுமிக்கு ஆபரேஷன் நடந்தது. அவளுக்கு வயது 11. கழுத்தின் முன்பக்கம் பெரிய கழலை.

ஆபரேஷன் செய்தவர் தியோடர் கோக்கர். அப்போது அவருக்கு வயது 32தான். ஆனால், அதற்குள்ளாகவே பெர்ன் பல்கலைக் கழகத்தில் ரண சிகிச்சைப் பேராசிரியர் ஆகியிருந்தார்.

அந்தக் காலத்தில் கழுத்துக் கழலையில் கத்தி வைப்பது என்றால் டாக்டர்களுக்கே நடுக்கம். அங்கே இரத்தக் குழாய்கள் அதிகம். கத்தி பட்டால் இரத்தம் பீறிடும். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பலர் பிழைப்பதில்லை.

கோக்கரின் கை நிதானமான கை. ஒவ்வொரு இரத்தக் குழாயாகக் கட்டிக்கொண்டே வந்தார். கழலையை, அது இருந்த சுரப்பியோடு சேர்த்து முழுவதும் எடுத்துவிட்டார். சிறுமி பிழைத்துக்கொண்டாள். காயம் ஆறியது. வீட்டுக்குப் போனாள். டாக்டருக்கு வெற்றி!

ஒன்பது ஆண்டுகள் சென்றன.

அந்தச் சிறுமிக்கு ஒரு தங்கை உண்டு. தங்கை வளர்ந்து பெரிய பெண்ணாக நின்றாள். அக்காளோ 20 வயதிலும் சிறு குழந்தையின் உயரத்திலேயே இருந்தாள். முகம் ஊதியிருந்தது. அறிவு மந்தமாகிவிட்டது.

தவறை ஒப்புக்கொண்டார்

இதற்கிடையே 1882-ல் ஜெனீவா நகரத்து டாக்டர் ரெவர்டின் என்பவர் கோக்கரைச் சந்தித்தார். கழலை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சிலர் பிறகு சோர்ந்து, மந்தமாகிவிடுவதைத் தாம் பார்த்ததாகச் சொன்னார். கோக்கர் திடுக்கிட்டார். தம்மிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை எல்லாம் திரும்ப வரவழைத்தார்.

சுரப்பியில் ஒரு பகுதியை விட்டுவைத்தவர்கள் நன்றாக இருந்தார்கள். முழுவதும் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சோர்ந்து, ஊதி, மந்தமாகி இருந்தார்கள்!

கோக்கர் இதை மறைக்கவில்லை. 1883-ல் ரண சிகிச்சை நிபுணர்களின் மாநாட்டில் எல்லோருக்கும் முன்னால் எடுத்துச் சொன்னார். சாதாரணக் கழலைக்காகச் சுரப்பி முழுவதையும் இனி எடுப்பதில்லை என்று முடிவு செய்தார். அந்தச் சுரப்பி உடலுக்கு எவ்வளவு தேவையானது என்பதை உலகம் அப்போதுதான் உணர்ந்தது. 1909-ல் கோக்கருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் ரண சிகிச்சை நிபுணர் அவரே.

எடுக்க முடியும் என்பதற்காக எடுத்துவிடலாமா? பெர்ன் நகரத்தில் பிறந்த இந்தக் கேள்வி, கழுத்தில் கட்டி உள்ள ஒவ்வொருவருக்கும் இன்றும் பொருந்தும்.

பட்டாம்பூச்சி வடிவம்

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலை அணைத்தாற்போல் ஒரு சுரப்பி இருக்கிறது. பட்டாம்பூச்சி சிறகை விரித்து உட்கார்ந்திருப்பது போன்ற வடிவம். எடை சுமார் 20 கிராம்தான். இதற்குத் தைராய்டு சுரப்பி என்று பெயர்.

நாம் சாப்பிடும் உணவில் உள்ள அயோடின் சத்தை இது எடுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டு ஒரு சாரத்தைத் தயாரித்து இரத்தத்தில் கலக்கிறது. உடம்பின் சூடு, இருதயத் துடிப்பு, குழந்தைகளின் வளர்ச்சி, மூளையின் சுறுசுறுப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் அந்தச் சாரம் தேவை. அது கிடைக்காமல்தான் அந்தச் சிறுமியின் வளர்ச்சி நின்றுபோனது.

சுரப்பியின் பின்பக்கத்தை ஒட்டிக் குரலுக்கு உரிய நரம்புகள் போகின்றன. அங்கேயே சிறு தானிய மணிகள் போல வேறு நான்கு சுரப்பிகளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தின் அளவைக் காப்பது அவற்றின் வேலை. கத்தி கொஞ்சம் பிசகினால் குரல் கம்மிவிடும். சுண்ணாம்புச் சத்து குறைந்து கை, கால் மரத்துப் போய் இழுத்துக்கொள்ளும். ஆகவேதான் "வா, அறுத்து எடுத்துவிடலாம்" என்று எளிதாகச் சொல்லிவிட முடிவதில்லை.

நூற்றில் எத்தனை?

இந்தச் சுரப்பிக்குள் சில சமயம் ஒரு பகுதி மட்டும் திரண்டு உருண்டையாகிவிடுகிறது. இதுதான் தைராய்டு கட்டி.

இது அபூர்வமான பொருள் அல்ல. வயது வந்தவர்கள் 100 பேரின் கழுத்தைக் கையால் தொட்டுப் பார்த்தால், சுமார் 5 பேரிடம் கட்டி தட்டுப்படும். ஒலி அலையால் படம் பிடிக்கும் அல்ட்ரா சவுண்டு கருவியை வைத்துப் பார்த்தால், இன்னும் பல மடங்கு பேரிடம் தெரியும். வயதானவர்களில் பாதிப் பேருக்குக் கூட இருக்கலாம். ஆண்களை விடப் பெண்களுக்கே அதிகம்.

இவை எல்லாம் புற்று நோயா? இல்லை. 100 கட்டிகளை எடுத்துக்கொண்டால், அவற்றில் புற்றாக இருப்பவை 7 முதல் 15 வரைதான். மற்றவை எல்லாம் சாதுக் கட்டிகள். இருந்த இடத்திலேயே இருக்கும். வேறு இடத்துக்குப் பரவாது.

ஆகவே டாக்டர்களின் முன் உள்ள வேலை இதுதான்: அந்த 7 முதல் 15 வரை உள்ள கட்டிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதே சமயம் மற்ற 85 பேரின் கழுத்தை வீணாக அறுக்கக் கூடாது.

டாக்டர் கேட்கும் கேள்விகள்

முதல் பரிசோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொல்கிறார். விழுங்கும்போது கட்டி மேலே ஏறி இறங்கினால், பெரும்பாலும் அது தைராய்டு கட்டிதான்.

பிறகு கேள்விகள் கேட்கிறார்.

சிறு வயதில் கழுத்திலோ தலையிலோ கதிர்வீச்சு பட்டதா? 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, காற்றிலும் பாலிலும் கலந்த அயோடின் கதிர்ப் பொருள் குழந்தைகளின் கழுத்தில் போய்ச் சேர்ந்தது. அப்போது சிறுவர்களாக இருந்தவர்களிடையே 2005-ம் ஆண்டுக்குள் 6,000-க்கும் மேற்பட்ட தைராய்டுப் புற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டன.

குடும்பத்தில் வேறு யாருக்காவது தைராய்டுப் புற்று வந்திருக்கிறதா? ஒரு வகைப் புற்று பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரக்கூடியது. அப்படி இருந்தால் மற்றவர்களையும் சோதிக்க வேண்டும்.

கட்டி எப்படி வளர்ந்தது? ஆண்டுக் கணக்கில் மெல்ல வளர்ந்ததா? சில வாரங்களில் மளமளவென்று பெருத்ததா? குரல் கம்மிவிட்டதா? விழுங்கச் சிரமமா? கழுத்தின் பக்கவாட்டில் வேறு நெறி கட்டியிருக்கிறதா? கட்டி கல் போல் கெட்டியாக, அசைக்க முடியாமல் இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்று பதில் வந்தாலும் டாக்டர் உஷாராகிறார்.

வயதையும் பார்க்கிறார். சிறுவர்களுக்குக் கட்டி வருவது குறைவு. ஆனால், வந்தால் அது புற்றாக இருக்கும் வாய்ப்பு பெரியவர்களை விட அதிகம். ஆண்களுக்கும் அப்படியே. கட்டி வருவது குறைவு. வந்தால் சந்தேகம் அதிகம்.

இரத்தம் சொல்லாது

அடுத்தது இரத்தப் பரிசோதனை. "டி.எஸ்.எச்." என்ற அளவைப் பார்க்கிறார்கள். சுரப்பி அளவாக வேலை செய்கிறதா, அதிகமாகச் செய்கிறதா, குறைவாகச் செய்கிறதா என்று இது காட்டும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். "இரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆகவே கட்டியும் சரியானதுதான்" என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது தப்பு! தைராய்டுப் புற்று உள்ளவர்கள் பெரும்பாலோருக்கு இந்த இரத்தப் பரிசோதனை சரியாகவே இருக்கும்.

டி.எஸ்.எச். அளவு மிகக் குறைந்திருந்தால் மட்டும் வேறு ஒரு செய்தி உண்டு. கட்டியே அதிகமாகச் சாரத்தைச் சுரக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அதற்குச் சிறிதளவு கதிர்ப் பொருளைக் கொடுத்துப் படம் பிடிக்கிறார்கள். கட்டி அதை உறிஞ்சிக்கொண்டு பளிச்சென்று தெரிந்தால் அது "சூடான கட்டி". சூடான கட்டி புற்றாக இருப்பது மிக அபூர்வம்.

மார்க் போடும் முறை

மூன்றாவது படி அல்ட்ரா சவுண்டு படம். இதில் வலி இல்லை. கதிர்வீச்சும் இல்லை. கர்ப்பிணிகளுக்கும் செய்யலாம்.

பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு மார்க் போடுவதைப் போல, படத்தில் தெரியும் கட்டிக்கும் மார்க் போடுகிறார்கள். அமெரிக்கக் கதிர்ப்பட நிபுணர்களின் கல்லூரி 2017-ல் வெளியிட்ட முறை இது. பரீட்சையில் மார்க் கூடினால் மகிழ்ச்சி. இங்கே மார்க் கூடினால் கவலை!

ஐந்து கேள்விகள் உண்டு.

ஒன்று: கட்டிக்குள்ளே என்ன இருக்கிறது? வெறும் நீராக இருந்தால் 0. கெட்டியாக இருந்தால் 2.

இரண்டு: படத்தில் எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது? கெட்டியான பகுதி கறுக்கக் கறுக்க மார்க் கூடும். மிகக் கறுப்பு என்றால் 3.

மூன்று: அகலத்தை விட உயரம் அதிகமா? படுத்த முட்டை போல் இருந்தால் 0. நிறுத்தி வைத்த முட்டை போல் இருந்தால் 3.

நான்கு: ஓரம் எப்படி? வழவழப்பாக இருந்தால் 0. கோணல்மாணலாக இருந்தால் 2. சுரப்பியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 3.

ஐந்து: உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள் உண்டா? பொடி மணல் தூவினாற்போல் நுண்ணிய வெண்புள்ளிகள் தெரிந்தால் 3.

எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். 2 அல்லது அதற்குக் குறைவு என்றால் பயமில்லை. 3 என்றால் சந்தேகம் மிகக் குறைவு. கட்டி 2½ சென்டிமீட்டர் இருந்தால்தான் ஊசிப் பரிசோதனை. 4 முதல் 6 வரை என்றால் நடுத்தரச் சந்தேகம். 1½ சென்டிமீட்டர் இருந்தால் ஊசி. 7-ம் அதற்கு மேலும் என்றால் பலத்த சந்தேகம். 1 சென்டிமீட்டர், அதாவது ஒரு சுண்டைக்காய் அளவு இருந்தாலே ஊசி போட்டுப் பார்க்க வேண்டும்.

சிறிய கட்டி என்றால் சாது, பெரிய கட்டி என்றால் புற்று என்று எண்ணுவது சரியல்ல என்பது இதிலிருந்து விளங்கும். அளவை விட லட்சணம் முக்கியம்.

ஊசி முனையில் உண்மை

அடுத்தது ஊசிப் பரிசோதனை. இதற்குத்தான் மக்கள் மிகவும் பயப்படுகிறார்கள். "ஊசி குத்தினால் புற்று பரவிவிடும்" என்று சொல்லிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. அப்படிப் பரவுவது மிக மிக அபூர்வம்.

இந்த ஊசி, இரத்தம் எடுக்கும் ஊசியை விட மெல்லியது. அல்ட்ரா சவுண்டு படத்தைப் பார்த்துக்கொண்டே டாக்டர் ஊசியைக் கட்டிக்குள் செலுத்துகிறார். சில துளிகளை எடுக்கிறார். சில நிமிஷங்களில் வேலை முடிந்துவிடும். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியதில்லை. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

1930-ல் நியூயார்க்கில் மார்ட்டின், எல்லிஸ் என்ற இரு டாக்டர்கள் கட்டிகளில் ஊசி செலுத்திச் சோதித்து எழுதினார்கள். 1952-ல் சுவீடன் நாட்டு டாக்டர் சோடர்ஸ்ட்ரோம், தைராய்டு கழலைகளை மெல்லிய ஊசியால் சோதிப்பதைப் பற்றி எழுதினார். சுவீடனிலிருந்து அந்த முறை உலகமெங்கும் பரவியது. ஊசி வருவதற்கு முன்பு, கட்டி என்னவென்று தெரிந்துகொள்வதற்காகவே பலருடைய கழுத்தைத் திறக்க வேண்டியிருந்தது!

ஆறு பெட்டிகள்

எடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயம் ஏற்றுகிறார்கள். மைக்ராஸ்கோப்பு வழியே உயிரணுக்களைப் பார்க்கிறார்கள். பார்த்த டாக்டர் தாம் கண்டதை ஆறு பெட்டிகளில் ஒன்றில் போடுகிறார். அமெரிக்காவில் பெதஸ்தா என்ற ஊரில் 2007-ல் நிபுணர்கள் கூடி வகுத்த முறை இது. ஆகவே "பெதஸ்தா முறை" என்று பெயர். பல ஆராய்ச்சிகளின் கணக்குகளைத் திரட்டி, ஒவ்வொரு பெட்டியிலும் 100-க்கு எத்தனை புற்று என்ற சராசரியை 2023-ல் வெளியிட்டிருக்கிறார்கள்.

முதல் பெட்டி: போதுமான உயிரணு கிடைக்கவில்லை. இது நல்ல செய்தியும் அல்ல. கெட்ட செய்தியும் அல்ல. பெரும்பாலும் மறுபடியும் ஊசி போட வேண்டும்.

இரண்டாம் பெட்டி: சாதுக் கட்டி. புற்றாக இருக்கும் வாய்ப்பு 100-க்கு 4. அவ்வப்போது படம் எடுத்துக் கவனித்துவந்தால் போதும்.

மூன்றாம் பெட்டி: உயிரணுக்கள் சற்று மாறியிருக்கின்றன, இன்னதென்று சொல்ல முடியவில்லை. வாய்ப்பு 100-க்கு 22.

நான்காம் பெட்டி: உயிரணுக்கள் சிறு வளையங்களாகத் திரண்டு ஒரு தனிக் கட்டியாக வளர்ந்திருக்கின்றன. வாய்ப்பு 100-க்கு 30.

ஐந்தாம் பெட்டி: புற்று என்ற பலத்த சந்தேகம். 100-க்கு 74.

ஆறாம் பெட்டி: புற்று. 100-க்கு 97.

இரண்டாம் பெட்டிக்காரர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆறாம் பெட்டிக்காரருக்கு என்ன செய்வது என்று டாக்டருக்குத் தெரியும். நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

மாடும் வேலியும்

நான்காம் பெட்டியில் ஏன் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை?

ஒரு மாடு நிற்கிறது. அது வேலியைத் தாண்டி அடுத்தவன் கொல்லையில் மேய்ந்த மாடா? மாட்டின் முகத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. வேலியைப் போய்ப் பார்க்க வேண்டும். வேலி உடைந்திருந்தால் விஷயம் தெரியும்.

இந்த வகைக் கட்டியும் அப்படித்தான். சாதுக் கட்டியின் உயிரணுவும், புற்றின் உயிரணுவும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். கட்டியைச் சுற்றி ஒரு மெல்லிய உறை உண்டு. அந்த உறையை, அல்லது இரத்தக் குழாயின் சுவரை உயிரணுக்கள் துளைத்துப் போயிருந்தால்தான் புற்று. ஊசியில் வருவது மாடு மட்டுமே. வேலி வருவதில்லை!

இவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றாம் பெட்டியானால் மறுபடியும் ஊசி போட்டுப் பார்க்கலாம். ஊசியில் எடுத்த அதே துளியில் மரபணுப் பரிசோதனை செய்யலாம். அல்லது கட்டி உள்ள பாதிச் சுரப்பியை மட்டும் எடுத்து, உறை முழுவதையும் சோதிக்கலாம்.

மரபணுப் பரிசோதனை எவ்வளவு நம்பத் தகுந்தது? அமெரிக்காவில் 49 இடங்களிலிருந்து ஊசித் துளிகளைத் திரட்டி ஓர் ஆராய்ச்சி செய்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். சந்தேகக் கட்டிகள் 265. அவற்றில் உண்மையான புற்று 85. மரபணுப் பரிசோதனை அவற்றில் 78-ஐ விடாமல் பிடித்தது. 7-ஐத் தவறவிட்டது. ஆகவே இது நல்ல துணை. ஆனால், முடிந்த தீர்ப்பு அல்ல. செலவும் அதிகம்.

தென் கொரியாவில் நடந்தது என்ன?

எடை போடாமல் எல்லோரையும் தேடிப் பிடித்தால் என்ன ஆகும்? தென் கொரியாவில் நடந்ததைப் பாருங்கள்.

1999-ல் அந்த நாட்டு அரசாங்கம் சில வகைப் புற்று நோய்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் தைராய்டு இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிகள், கொஞ்சம் பணம் கட்டினால் கழுத்தையும் படம் எடுத்துத் தருவதாகச் சொல்லின. நோய் எதுவும் இல்லாத மக்கள், "எதற்கும் பார்த்துவிடுவோமே" என்று வரிசையில் நின்றார்கள்.

பலன்? 2011-ல் தைராய்டுப் புற்று கண்டுபிடிக்கப்படும் வீதம் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு ஆகிவிட்டது! அந்த ஓர் ஆண்டில் மட்டும் 40,000-க்கும் அதிகமானவர்களுக்குப் புற்று என்று சொல்லப்பட்டது.

ஆனால் ஒரு விசித்திரம். தைராய்டுப் புற்றால் இறப்பவர்களின் எண்ணிக்கை குறையவே இல்லை. ஆண்டுக்கு 400-க்கும் குறைவானவர்களே முன்பும் இறந்தார்கள், பின்பும் இறந்தார்கள்.

இத்தனை பேரைப் பிடித்து ஆபரேஷன் செய்தும் சாவு குறையவில்லை என்றால் என்ன பொருள்? கண்டுபிடிக்கப்பட்ட புற்றுகளில் பெரும்பாலானவை, விட்டிருந்தாலும் ஆளைக் கொல்லாதவை என்று பொருள். 1985-ல் பின்லாந்து நாட்டில், இறந்துபோன 101 பேரின் தைராய்டு சுரப்பியை நுணுக்கமாகச் சோதித்தார்கள். 36 பேரின் சுரப்பியில் நுண்ணிய புற்று இருந்தது. இருக்கிறது என்று தெரியாமலேயே வாழ்ந்து முடிந்தவர்கள் அவர்கள்!

கொரியாவில் புற்று என்று சொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். அவர்களில் 100-க்கு 11 பேருக்குச் சுண்ணாம்புச் சத்தைக் காக்கும் சுரப்பிகள் பழுதுபட்டன. 100-க்கு 2 பேருக்குக் குரல் நரம்பு செயலற்றுப் போனது. சுரப்பியை முழுவதும் இழந்தவர்கள் வாழ்நாள் பூராவும் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள் ஆனார்கள்.

2014-ல் அந்த நாட்டு டாக்டர்கள் சிலரே ஒன்றுசேர்ந்து, "நோய் அறிகுறி இல்லாதவர்களுக்குக் கழுத்துப் படம் எடுக்க வேண்டாம்" என்று குரல் கொடுத்தார்கள். பத்திரிகைகள் அதைப் பெரிதாக வெளியிட்டன. ஒரே ஆண்டில் தைராய்டு ஆபரேஷன்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டன.

கோபே நகரத்து டாக்டர்கள்

ஜப்பானில் கோபே நகரத்தில் கூமா ஆஸ்பத்திரி என்று ஒன்று இருக்கிறது. அங்கே டாக்டர் அகிரா மியாவுச்சியின் யோசனைப்படி 1993-ல் ஒரு துணிச்சலான காரியம் தொடங்கியது. 1 சென்டிமீட்டருக்கு மேற்படாத, வேறு எங்கும் பரவாத, ஆபத்தான இடத்தை ஒட்டாத தைராய்டுப் புற்று உள்ளவர்களிடம், "ஆபரேஷன் செய்துகொள்ளலாம். அல்லது கவனித்துக்கொண்டே காத்திருக்கலாம்" என்று இரண்டு வழிகளைச் சொன்னார்கள்.

காத்திருக்கச் சம்மதித்த 1,235 பேரின் கணக்கை 2014-ல் வெளியிட்டார்கள். பத்து ஆண்டுகளில் 3 மில்லிமீட்டராவது வளர்ந்த கட்டிகள் 100-க்கு 8. நெறிக்குப் பரவியவை 100-க்கு 4-க்கும் குறைவு. அவர்களுக்கும் பிறகு ஆபரேஷன் செய்தபோது குணம் கிடைத்தது. தைராய்டுப் புற்றால் ஒருவர்கூட இறக்கவில்லை.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. காத்திருப்பது வேறு, கவனியாமல் இருப்பது வேறு. கோபே நகரத்தில் காத்திருந்தவர்கள் தவறாமல் வந்து படம் எடுத்துக்கொண்டவர்கள். வீட்டில் பற்றுப் போட்டுக்கொண்டு, மாதக் கணக்கில் டாக்டரிடமே போகாமல் இருப்பது காத்திருப்பது ஆகாது.

கத்தி எப்போது தேவை?

கத்தி தேவைப்படும் சமயங்களும் உண்டு. ஐந்தாம் பெட்டி, ஆறாம் பெட்டி என்று வந்தால் பெரும்பாலும் ஆபரேஷன்தான். கழுத்து நெறிக்குப் பரவியிருந்தால் தள்ளிப்போடக் கூடாது. சாதுக் கட்டியே ஆனாலும் மிகப் பெரிதாகி மூச்சுக்குழலையோ, உணவுக்குழலையோ அழுத்தினால் எடுக்க வேண்டியதுதான்.

வயதானவர்களுக்குச் சில வாரங்களில் மளமளவென்று பெருக்கும் கெட்டிக் கட்டி வந்தால், ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அது அபூர்வமானது. ஆனால், தைராய்டுப் புற்றுகளில் மிகக் கொடியது அதுவே.

மற்றபடி, தைராய்டுப் புற்றுகளில் பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை. தக்க சிகிச்சையால் குணமாகக் கூடியவை. இந்த வார்த்தை, "புற்று" என்று கேட்டதும் இடிந்துபோகும் குடும்பங்களுக்கு ஆறுதல் அளிக்கும்.

ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன்பு டாக்டரிடம் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

படத்தில் கட்டிக்கு எத்தனை மார்க்? ஊசியில் எந்தப் பெட்டி? பாதிச் சுரப்பியை எடுத்தால் போதுமா, முழுவதும் எடுக்க வேண்டுமா? எடுக்காமல் கவனித்துவந்தால் என்ன ஆகும்?

இந்த நான்கு பதில்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊசி ரிப்போர்ட்டையும் படங்களையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை படம் எடுக்கும்போது பழைய படம் கையில் இருந்தால்தான், கட்டி வளர்ந்ததா இல்லையா என்று ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

கோக்கர் தம் வாழ்நாளில் 5,000-க்கும் மேற்பட்ட கழலை ஆபரேஷன்கள் செய்தார். அவர் கையில் இறப்பு 100-க்கு ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. அவ்வளவு தேர்ந்த கைக்கும் ஒரு சிறுமி பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அன்று அவருக்கு ஊசிப் பரிசோதனை இல்லை. ஒலிப் படம் இல்லை. கண்ணும் கையும்தான் இருந்தன. இன்று எல்லாம் இருக்கின்றன. கழுத்தில் கட்டி தெரிந்தால் பயந்து ஒளிக்கவும் வேண்டாம். பதறிப் படுக்கவும் வேண்டாம். முதலில் எடை போடுங்கள். கத்தி பிறகு!